சீஸ் தட்டு வந்த நேரத்தில் விழுந்த கோட்டை

மோன்ட்ரிவால்
திங்கட்கிழமை

அன்புள்ள ஒதீல் அக்காவுக்கு,

தம்பி ஒனோரே வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் நலம். உன் புது முழங்கால் நலமா என்று அறிய ஆவல்.

இன்று காலை வரை உறுதியாகியிருக்கும் செய்தி இது: நம் ஊர்க் கோட்டைவாசல் சாவி ஆங்கிலேயர்களிடம் இருக்கிறது. சொன்னவர் ரொட்டிக்கடை மிரேய். அவர்கள் தலைவி, ஆற்றோரத்து மில் வீட்டுப் பெரில் ஹாக்கின்ஸ், எப்போதும்போல இரண்டு நீள ரொட்டி வாங்க வந்தாராம். கழுத்தில் சிவப்பு நாடாவில் சாவி தொங்கியதாம். சாவியின் கனத்தில் குனிந்தால் நிமிர முடியாது என்பதால், மிரேய்தான் கல்லாவைச் சுற்றி வெளியே வந்து ரொட்டியைக் கையில் கொடுத்திருக்கிறார். நான் கடைக்குப் போய் இன்னொரு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். முப்பத்தைந்து வருஷம் பத்திரிகையில் இருந்தவன், ஒரு வாய்ச்சொல்லை நம்பி உனக்கு எழுத மாட்டேன் என்று உனக்குத் தெரியும்.

இதைப் படித்ததும் நீ கட்டிலிலிருந்து எழுந்திருக்க முயன்றிருப்பாய். வேண்டாம். டாக்டர் உனக்குப் படபடப்பு கூடாது என்று சொல்லியிருக்கிறார். அதனால்தான் யாரும் உனக்கு போன் செய்யக் கூடாது என்று லெயோன்ஸ் அத்தான் ஊர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். நானும் எழுதுவதையே தேர்ந்தெடுத்தேன். போனில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய். கடிதத்தில் அது முடியாது.

முதலில் விதிமுறை. நீ அறியாததில்லை, ஆனால் வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு முன் எல்லோரும் ஒரே மாதிரி நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பதால் எழுதி வைக்கிறேன். அறுநூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முன் ஆங்கிலேயப் படை நம் கோட்டையை முற்றுகையிட்டுத் தோற்றுப் போனது. அதை ஆகஸ்ட் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மறுபடி நடத்திக் காட்டுகிறோம். நாம் மதில்மேல் நின்று நைந்த தக்காளி எறிவோம். பிரான்சுக்கு வந்து இங்கே குடியேறிய ஆங்கிலேயர்கள் கீழேயிருந்து நனைத்த ஸ்பாஞ்சு எறிவார்கள். மாலைப் பூசை மணி அடிக்கும்போது சாவி யார் கையில் இருக்கிறதோ அவர்களுக்கு வெற்றி. ஞாயிற்றுக்கிழமை ஊர் விருந்தில் என்ன சமைப்பது என்று ஜெயித்தவர்கள் சொல்வார்கள். கோட்டையைக் காத்த தலைவர் அடுத்த வருஷமும் தலைவர். கோட்டையை விட்டவர் இறங்கிவிட வேண்டும், ஊர் கை தூக்கி வேறு ஆளைத் தேர்ந்தெடுக்கும். நீ பத்தொன்பது கோடையாக இறங்கியதே இல்லை. இந்த ஜூலையில் உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும்போது, காரில் ஏறும் முன் ஹெல்மெட்டை அத்தான் தலையில் வைத்து, "விட்டுடாதீங்க" என்று மட்டும் நீ சொன்னாய். நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

சனிக்கிழமை காலை அத்தான் பிரமாதமாக இருந்தார் என்பதை நேர்மையாகப் பதிவு செய்கிறேன். உன் ஹெல்மெட் அவருக்குச் சின்னது, அதனால் காதுகள் வெளியே நின்றன, ஆனால் குரல் மதிலுக்கு மதில் கேட்டது. முதல் தாக்குதலில் பெரிலின் ஆட்கள் ஏணியைச் சாய்த்தபோது நம்மவர்கள் எறிந்த தக்காளியில் மேலே பாதி வரை ஏறிய ஓய்வுபெற்ற பல் டாக்டர் ஒருவர் வழுக்கியபடியே கீழே போய்ச் சேர்ந்தார். பேருந்துகளில் வந்திருந்த சுற்றுலா விருந்தினர்கள் கை தட்டினார்கள். பல் டாக்டரும் கை தட்டினார். இரண்டாவது தாக்குதல் வாசலுக்கு நேராக வந்தது, அதுவும் முறிந்தது. பெரில் கீழேயிருந்து, "லெயோன்ஸ், நல்லாவே பண்றீங்க, ஒதீல் பார்த்தா சந்தோஷப்படுவா" என்று கத்தினார். அத்தான் முகம் சிவந்தது, அது தக்காளியால் இல்லை என்று நினைக்கிறேன்.

அவரைச் சோதித்தது எதிரி இல்லை, விருந்தினர்கள்தான். பழைய ஊர்களைப் பார்க்க வருகிறவர்களுக்கு எது நாடகம், எது வீடு என்று இன்னும் தெரிவதில்லை. முற்றுகை நடந்துகொண்டிருக்கும்போதே ஒருவர் தக்காளி மழைக்குள் நடந்து வந்து கோட்டைவாசலைத் தட்டி, அண்ணாந்து பார்த்துக் கேட்டார்.

"கழிப்பறை எங்க?"

"முதல்ல வணக்கம் சொல்லுங்க" என்றார் அத்தான் மேலேயிருந்து.

"அவசரம்யா."

"வணக்கம் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நீங்க கேட்ட கேள்வியை விடச் சின்னது."

அந்த மனிதர் வணக்கம் சொன்னார். கதவு திறந்தது. அடுத்து ஒரு பெண் வந்து, "ஜாம் கடை எந்தப் பக்கம்" என்று ஆரம்பித்தார், அவருக்கும் அதே பாடம். அதற்கடுத்து வந்தவர் எதுவுமே கேட்காமல் கதவைத் தள்ளிப் பார்த்தார், அவர்மேல் தக்காளி விழுந்தது. இப்படி ஏழெட்டு பேர். "ஆங்கிலேயன் ஏணி போடுறான், அதைப் பொறுத்துக்கலாம். இவங்க மூஞ்சியைப் பார்த்து வணக்கம்கூடச் சொல்லாம உள்ள வராங்க பாருங்க, அதைத்தான் என்னால தாங்க முடியல" என்று அத்தான் என்னிடம் சொன்னார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் இந்த ஒரு எண்ணம்தான் பிற்பகலில் நம்மை வீழ்த்தியது என்பதைப் பிறகு பார்க்கப் போகிறாய்.

பன்னிரண்டு மணி அடித்தது. நீ தலைவராக இருந்தவரை அந்த நேரத்தில் என்ன நடக்கும் என்று யாரும் யோசித்ததே இல்லை, ஏனென்றால் நீ ஒரு தூக்குப் பாத்திரத்தில் சாப்பாட்டைக் கொண்டுவந்து வாசலிலேயே உட்கார்ந்து சாப்பிடுவாய். அத்தான் அப்படிப்பட்டவர் இல்லை. மணி ஓய்வதற்குள் மதிலிலிருந்த அத்தனை ஹெல்மெட்டும் கழன்றன. சதுக்கத்தில் மேசைகள் போட்டிருந்தன, வாத்துக்கறி வதங்கும் வாசனை மதில் வரை வந்தது. பகல் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை போர் நிறுத்தம் என்று எங்கும் விதி இல்லை. ஆனால் அந்த நேரத்தில் ஒருவன் இன்னொருவன்மேல் தக்காளி எறிவான் என்று நம் ஊரில் யாருக்கும் கற்பனைகூட வராது. நானும் தலையிலிருந்ததைக் கழற்றினேன்.

வாசலில் யாராவது இருக்க வேண்டுமே என்று அத்தானுக்கு நினைவு வந்தது, அதை அவர் கணக்கில் சேர்க்க வேண்டும். சுற்றிப் பார்த்தார். நம்மவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். வாசலுக்கு உள்புறம் கல்பெஞ்சில் ஒரு பெண்மணியும் அவர் கணவரும் உட்கார்ந்து காகிதத்தைப் பிரித்து ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பெயர் ஜிலேன், பெல்ஜியத்தில் நமூர் பக்கம். கணவர் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். இனி நான் எழுதுவது இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டது. இரண்டு பேர் சொன்னதும் பொருந்துகிறது, ரொட்டிக்குள் என்ன இருந்தது என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு.

"அம்மா, நீங்க வெளியூரா?" என்றார் அத்தான்.

"ஆமாங்க. இந்தக் கோடையில இது பதினோராவது பழைய ஊர். எல்லா ஊர்லயும் அதே கல்லு, அதே ஜன்னல் பூ, அதே சோப்புக் கடை. பார்த்துக்கிட்டே இருக்கோம். யாரும் ஒண்ணும் செய்யச் சொல்றதில்ல."

"ஒரு மணி நேரம் இந்தக் கோட்டையைப் பார்த்துக்கறீங்களா?"

ஜிலேன் ரொட்டியைக் கணவரிடம் கொடுத்துவிட்டு எழுந்து நின்றார். அத்தான் உன் ஹெல்மெட்டை அவர் தலையில் வைத்தார். அது அவருக்குச் சரியாகப் பொருந்தியதாம், கணவர் போட்டோ எடுத்திருக்கிறார், நான் பார்த்தேன். சாவியை அவர் கையில் கொடுத்து அத்தான் சொன்ன உத்தரவு இதுதான், இருவரும் சொல்லுக்குச் சொல் உறுதி செய்கிறார்கள்:

"யாரா இருந்தாலும், வணக்கம் சொல்லாதவனுக்குக் கதவைத் திறக்காதீங்க."

ஆங்கிலேயரை விடக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. அது சொல்லாமலே தெரியும் என்று நினைத்துவிட்டார். ஜிலேனுக்கோ, சொன்ன உத்தரவு ஒன்றுதான் தெரியும்.

அவர் அதை எப்படி நிறைவேற்றினார் தெரியுமா. முதலில் வந்தது நம் மேயர். பேருந்துகள் நிறுத்துமிடத்தில் ஏதோ தகராறு என்று வெளியே போனவர், வாத்துக்கறி ஆறிவிடும் என்ற பயத்தில் ஓடி வந்து, பெரிய கதவிலிருக்கும் சின்னத் திட்டிவாசலைத் தட்டினார்.

"திற, திற. நான்தான் மேயர்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க" என்றார் ஜிலேன்.

"அம்மா, தோள்ல மேயரோட மூணு வண்ணப் பட்டி தெரியலையா?"

"பட்டி தெரியுது. வணக்கம் கேக்கல."

மேயர் கோபத்தில் தன் பதவிக் காலங்களைச் சொல்ல ஆரம்பித்தார். வணக்கம் மட்டும் சொல்லவில்லை. இது பிடிவாதம் இல்லை, பாவம், அவருக்கு அது நிஜமாகவே தோன்றவில்லை. கடைசியில் மதிலுக்கு வெளியே புல்தரையில் ஆங்கிலேயர்கள் விரிப்பு விரித்துச் சாப்பிடும் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார். அவர்கள் அவருக்கு வெள்ளரிக்காய் வைத்த ரொட்டித் துண்டுகளும், பிளாஸ்கில் டீயும் கொடுத்தார்கள். நன்றாக இருந்தது என்று அவர் என்னிடம் தனியாகச் சொன்னார். பெயர் போடாதே என்று கேட்டுக்கொண்டார். நீ குடும்பம் என்பதால் எழுதுகிறேன். அவருக்குப் பின்னால் வந்த பாதிரியாரும் இதே கதி. இப்படியாக, ஜிலேன் திருப்பி அனுப்பிய ஒவ்வொருவரும் ஆங்கிலேயர்களோடு போய் உட்கார்ந்ததில், அந்த வேளையில் கோட்டைக்கு வெளியே பிரெஞ்சுக்காரர்களும் உள்ளே காவலுக்கு பெல்ஜியமும் என்று ஆகிவிட்டது.

அப்போதுதான் பெரில் தனியாக நடந்து வந்தார். ஏணி இல்லை, ஸ்பாஞ்சு இல்லை. தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு திட்டிவாசலை மெதுவாகத் தட்டினார்.

"வணக்கம்மா. சாப்பிட்டீங்களா?"

"வணக்கம். பாதி சாப்பிட்டேன்" என்றார் ஜிலேன்.

"வெயில் தாங்க முடியலல்ல? அந்த ஹெல்மெட் உள்ள வேகும். ஒரு கைக்குட்டையை நனைச்சு உள்ள வச்சுக்கோங்க, நாங்க அப்படித்தான் பண்ணுவோம். எந்த ஊரு நீங்க?"

ஐந்து நிமிடம் பேசினார்கள். மழை எங்கே பெய்தது, எங்கே பெய்யவில்லை, நமூரில் இப்போது என்ன காய் கிடைக்கும் என்றெல்லாம். பிறகு ஜிலேன் சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தார். கணவர், "ஏய், இவங்க எதிரி இல்லையா?" என்று கேட்டிருக்கிறார். அதற்கு ஜிலேன் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்: "காலையிலேர்ந்து இந்த ஊர்ல மனுஷத்தன்மையோட பேசினது இவங்க ஒருத்தர்தான்."

பெரிலின் படை ஒருவர்பின் ஒருவராக உள்ளே வந்தது. ஒவ்வொருவரும் வணக்கம் சொன்னார்கள். பல் டாக்டர் இரண்டு முறை சொன்னாராம். அவர்களோடு மேயரும் பாதிரியாரும்கூட வந்தார்கள், இந்தத் தடவை வணக்கம் சொல்லி.

சதுக்கத்தில் நாங்கள் சீஸ் தட்டுக்கு வந்திருந்தோம். அக்கா, நீ அங்கே இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று தெரியும், ஆனால் மற்ற எல்லோரையும் யோசித்துப் பார். எதிரிப் படை முழுதாகச் சதுக்கத்துக்குள் வந்து நிற்கிறது, ஆட்டுப்பால் சீஸ் அப்போதுதான் வெட்டியிருக்கிறது. யார் எழுந்திருப்பார்? யாரும் எழவில்லை. அத்தான் திரும்பிப் பார்த்து, "அட, வாங்க, வாங்க. இன்னும் சாப்பிடலையா? அந்தப் பக்கம் நாற்காலி இருக்கு, இழுத்துப் போட்டுக்கோங்க" என்றார். நாற்காலிகள் வந்தன. டம்ளர்கள் வந்தன. பெரில் அத்தானுக்கு எதிரில் உட்கார்ந்து, கைநீட்டி ஒரு துண்டு சீஸ் எடுத்துக்கொண்டு, அது இருந்த இடத்தில் சாவியை வைத்தார்.

அத்தான் சீஸை மென்றபடியே சாவியைப் பார்த்தார். பிறகு பெரிலைப் பார்த்தார்.

"இது எப்படி உங்ககிட்ட?"

"வாசல்ல இருந்த அம்மா கொடுத்தாங்க."

"சும்மாவா கொடுத்தாங்க?"

"வணக்கம் சொன்னேன்."

அத்தான் வாயிலிருந்த சீஸை விழுங்கினார். பிறகு அவர் செய்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. தன் டம்ளரை பெரில் பக்கம் தள்ளிவிட்டு, "அப்ப சட்டப்படி சரிதான். நான்தான் அப்படிச் சொல்லி வச்சேன்" என்றார். பக்கத்து மேசையிலிருந்து தச்சர், "லெயோன்ஸ் அண்ணே, இது ஊர் மானம்" என்றார். "மானம் இருக்கட்டும், அந்த ரொட்டியை இப்படி நகர்த்து" என்றார் அத்தான். அதற்குப் பிறகு யாரும் வாதாடவில்லை. மாலை மணி அடிக்கும் வரை எல்லோரும் அதே மேசைகளில்தான் இருந்தோம். நடுவில் யாரோ ஜிலேனையும் கணவரையும் கூட்டி வந்து உட்கார வைத்தார்கள். விருந்தினர்களில் பலர் இதுவரை பார்த்த முற்றுகைகளிலேயே இதுதான் உண்மையானது மாதிரி இருந்தது என்று சொல்லிப் போனார்கள்.

ஞாயிறு விருந்துக்கு பெரில் கேட்டது, துணியில் கட்டி ஆவியில் வேகவைக்கும் ஒரு ஆங்கிலேயப் புட்டிங். நம் ஊர்ப் பெண்கள் முதலில் அதைச் சுற்றி நின்று பார்த்தார்கள், தொட்டுப் பார்த்தார்கள். மிரேய், "இது வெந்துடுச்சா, இல்ல இன்னும் கோபமா இருக்கா?" என்று கேட்டார். பிறகு ஒருவர் வால்நட் மதுவை அதன்மேல் ஊற்றினார். அடுத்த அரை மணியில் பாத்திரம் காலி. இரண்டாவது புட்டிங் கேட்டு மேயர் வரிசையில் நின்றதை நான் நேரில் பார்த்தேன்.

இனி அத்தான். சாப்பிடுகிறார், தூங்குகிறார். ஆனால் உன் ஹெல்மெட்டைத் துடைத்துத் துடைத்து முன்னறை மேசையில் வைத்திருக்கிறார், யாராவது வந்தால் அதன்மேல் செய்தித்தாளைப் போட்டு மூடுகிறார். நேற்று என்னிடம், "ஒனோரே, அவ கேட்டது ஒண்ணே ஒண்ணு. விட்டுடாதீங்கன்னா. நான் விட்டுட்டேன். அவகிட்ட நீ சொல்லு, எனக்கு வாய் வரல" என்றார். அதனால்தான் இந்தக் கடிதம். அவர்மேல் கோபப்படாதே. திட்ட வேண்டுமானால் அவருக்கு நேராக எழுது, என் வழியாக வேண்டாம். அவர் இறங்கிவிட்டார். வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஊர் மன்றத்தில் கூட்டம். புதுத் தலைவராக இதுவரை அடிபடும் பெயர் உன்னுடையது ஒன்றுதான். "அந்தம்மா இருந்திருந்தா வாசலை விட்டு நகர்ந்திருக்காது" என்று ஊரில் சந்து சந்தாகப் பேசுகிறார்கள். தச்சர் ஒருபடி மேலே போய், முழங்கால் சரியாகாவிட்டாலும் பரவாயில்லை, உன்னை நாற்காலியோடு மதிலில் ஏற்ற ஒரு கப்பி செய்து தருகிறேன் என்கிறார்.

மருந்து வேளைக்குச் சாப்பிடு. கொடுக்கும் சூப்பில் உப்பில்லை என்று நர்ஸிடம் சண்டை போடாதே. மிரேய், மேயர், பாதிரியார், தச்சர் எல்லோரும் உன்னை விசாரித்தார்கள். ஜிலேன் உன்னைப் பார்த்ததில்லை, ஆனாலும் தன் அன்பைச் சொல்லச் சொன்னார். நீ சீக்கிரம் நடந்து இந்த வாசலுக்கு வர வேண்டும் என்று எல்லோர் சார்பிலும் வேண்டிக்கொள்கிறேன்.

உன் அன்புத் தம்பி,
ஒனோரே

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் பெரில் வந்தார், சாவியை மாட்ட நல்ல ஆணியாக ஒன்று வேண்டுமாம். ஆணி எடுத்துக் கொடுக்கும்போது, இத்தனை வருஷமாக மதியம் வராதவர் இந்த வருஷம் மட்டும் ஏன் அந்த நேரத்தில், ஏணி இல்லாமல், வணக்கத்தோடு வந்தார் என்று பழக்க தோஷத்தில் கேட்டேன். "ஒதீல்தான் சொன்னா" என்றார். முற்றுகைக்கு முன்பே திராட்சை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு உன்னைப் பார்க்க வந்தாராம். நீ சொன்னதாக அவர் சொல்வதைக் கீழே தருகிறேன். இரண்டாவது முறை கேட்டேன், மாற்றாமல் சொன்னார்.

"மணி அடிச்சா எங்க வீட்டுக்காரர் சாப்பிடப் போயிடுவார். வாசல்ல வெளியூர்க்காரங்க யாரையாவதுதான் நிறுத்துவார். வணக்கம் சொல்லாதவனை விடாதேன்னு சொல்லி வைப்பார், வேற ஒண்ணும் சொல்ல மாட்டார். நீ நல்லா வணக்கம் சொல்லு பெரில், மழையைப் பத்திக் கொஞ்சம் பேசு, போதும். அந்த மனுஷன் ஜெயிச்சுட்டார்னா அடுத்த வருஷமும் அவர்தான். நான் என்ன, கீழ உக்காந்து தக்காளி கழுவறதா?"

இதை அத்தானிடம் நான் இன்னும் சொல்லவில்லை. ஊரில் இப்போதைக்கு பெரிலுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். அவர் மேசைமேல் ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டிருப்பதைப் பார்க்க எனக்குப் பாவமாகவும் இருக்கிறது, சிரிப்பாகவும் இருக்கிறது. உன் தரப்பு விளக்கம் மட்டும் இன்னும் வரவில்லை. வியாழக்கிழமை காலைத் தபாலில் எதிர்பார்க்கிறேன். ஆறு மணிக்குக் கை தூக்கிவிடுவார்கள்.